மேலே கட்டிய கம்பியும் கீழே கட்டாத கம்பியும்

மலர்க் குழுத் தம்பிகள் போன் செய்து, "சார், உங்க காலத்தைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் ஆண்டு விழா நாடகத்தைப் பற்றியும் மற்ற நண்பர்கள் எழுதுவார்கள். நான் பௌதிக மாணவன். 1968 முதல் 1971 வரை பல்லாவரத்திலிருந்து எலக்ட்ரிக் டிரெயினில் தாம்பரம் வந்து படித்தவன். எனவே ரேடியோ ஏரியலைப் பற்றியும், அதைவிட முக்கியமாக, அந்த ஏரியலுக்கு நாம் கட்ட மறந்துபோன எர்த் கம்பியைப் பற்றியும் எழுதுகிறேன். சின்ன சரித்திரம்தான். ஆனால் இதில் என் தங்கையின் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

சென்னையில் ரேடியோவின் கதை 1924-ல் தொடங்குகிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப், அந்த வருடம் ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பை ஆரம்பித்தது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட். இன்றைய ஒரு சீலிங் ஃபேன் அதைவிட அதிகம் இழுக்கும்! ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே பிறக்காத காலம் அது. பணமுடையால் 1927-ல் கிளப் நின்றுபோயிற்று. 1930 ஏப்ரல் முதல் சென்னை கார்ப்பரேஷன் ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் நம் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிவந்தது.

அந்த ஆரம்ப நாட்களில் பலர் கேட்டது கிரிஸ்டல் செட்டில். அதற்குக் கரண்டும் கிடையாது, பாட்டரியும் கிடையாது. ஏரியல் கம்பி பிடித்துக்கொடுக்கும் அணுவளவு சக்திதான் காதில் மாட்டிய ஹெட்போனில் பாட்டாகக் கேட்கும். அந்தச் சக்தி ஏரியலில் இறங்கி, காயில் வழியே ஓடி, பூமிக்குப் போய்ச் சேர வேண்டும். பூமிக்கு வழி இல்லையென்றால் பாட்டும் இல்லை. ஆகவே அன்று ரேடியோ வைத்திருந்தவர்கள், பாதுகாப்பை நினைத்தோ நினைக்காமலோ, தரையில் குழாய் அடித்து எர்த் கட்டினார்கள். பலர் ஜன்னலுக்கு வெளியே ஒரு கத்தி சுவிட்சும் வைத்தார்கள். கேட்டு முடித்ததும் சுவிட்சைத் தள்ளிவிட்டால் ஏரியல் நேராகப் பூமியோடு சேர்ந்துவிடும்.

பிறகு வால்வு ரேடியோ வந்தது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் அந்தப் பெட்டிக்கு எர்த் இல்லாமலே பாட்டு கேட்டது. பெட்டியின் பின்பக்கம் 'ஏ' என்றும் 'இ' என்றும் இரண்டு துளைகள் இருந்தன. 'ஏ'யில் ஏரியல். 'இ' சும்மா கிடந்தது. அதில் ஒரு கம்பியை எத்தனை வீடுகளில் சொருகினார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் அதில் சிலந்திதான் கூடு கட்டியிருந்தது. பாட்டுக்கு எர்த் தேவையில்லை என்று ஆனதும், உயிருக்கும் அது தேவைப்படும் என்பதை நாம் மறந்துபோனோம்.

நாங்கள் தினமும் ஏறி வந்த ரயில்கூட இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 1931-ல் பீச்–தாம்பரம் பாதை மின்மயமானபோது 1500 வோல்ட் டி.சி.; 1960-களின் கடைசியில் 25,000 வோல்ட் ஏ.சி. ஆயிற்று. வோல்டேஜ் மாறினாலும் வழி மாறவில்லை. மேலே கம்பியில் வாங்குகிறது, கீழே தண்டவாளத்தில் திருப்பிக் கொடுக்கிறது. எதையும் மேலே வாங்கினால் கீழே போக ஒரு பாதை வேண்டும். மூன்று வருஷம் சீசன் டிக்கெட் எடுத்தும் எனக்கு அது உறைக்கவில்லை!

எங்களுக்கெல்லாம் அன்று சிலோன் ரேடியோ பைத்தியம். 1967-ல் அதன் பெயர் மாறியும் எங்கள் வாயில் அது சிலோன் ரேடியோதான். அது இன்னும் தெளிவாகக் கேட்கட்டும் என்று மொட்டை மாடி மூங்கிலிலிருந்து கொல்லைப்புறத் தென்னைமரத்துக்கு ஒரு செம்புக் கம்பி கட்டினேன். இரண்டு முனைக்கும் பீங்கான் இன்சுலேட்டர். நடுவிலிருந்து ஒரு கம்பி ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் இறங்கி ரேடியோவுக்கு வந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அப்பாவுக்குக்கூட உள்ளூரப் பெருமைதான்.

1969 செப்டம்பரில் ஒரு சாயங்காலம். நம் பக்கத்தில் அந்த மாதங்களில் பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு, பொழுது சாயும்போது மேற்கே கறுத்துக்கொண்டு இடிமழை வரும். தங்கை ரேடியோ பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டி வழக்கம்போல "அர்ஜுனா, அர்ஜுனா" என்று ஆரம்பித்துவிட்டு, "ஏண்டி, துணியெல்லாம் நனையுது, எழுந்து போயேன்" என்று அதட்டினாள். தங்கை முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வாசல் பக்கம் போனாள். அவள் கொடிக்குப் போய்ச் சேருவதற்குள் தென்னைமரத்தில் இடி விழுந்தது.

சத்தம் அடங்கிப் பார்த்தால், கூடம் முழுக்கப் புகை. ஏரியல் கம்பி இருந்த இடத்தில் கம்பியே இல்லை. ஜன்னலிலிருந்து ரேடியோ வரை சுவரில் கரிக்கோடு. பெட்டியின் முதுகுப்பலகை தெறித்து ஸ்டூலின் மேல் கிடந்தது. தென்னை ஒரு வாரத்தில் தலை சாய்ந்தது. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் பௌதிகப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "மேல கட்டினது சரிப்பா. கீழ என்ன கட்டினே?"

பிறகு அவர் ரிச்மான் கதையைச் சொன்னார். 1752-ல் பெஞ்சமின் பிராங்க்ளினின் யோசனைப்படி பிரான்சில் கம்பி நட்டு, மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டினார்கள். அடுத்த வருடம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மான் என்ற விஞ்ஞானி, கூரையிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை அறைக்குள் இறக்கி, அதில் வரும் மின்சாரத்தை அளக்கக் குனிந்தார். கம்பி பூமியோடு சேர்க்கப்படவில்லை. மின்னல் அவர் நெற்றியில் பாய்ந்து அங்கேயே உயிர் போயிற்று. பிராங்க்ளினின் இடிதாங்கி மண்ணில் முடிந்தது. ரிச்மானின் கம்பி அறைக்குள் முடிந்தது. "நீ கட்டினது ரெண்டாவது ரகம்" என்றார் சார்.

கோபுரக் கலசமே இடிதாங்கி என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்வதுண்டு. கலசத்திலிருந்து தரை வரை ஒரு உலோகப் பாதை இருந்தால்தான் அது இடிதாங்கி. இல்லாவிட்டால் உயரத்தில் இருக்கும் ஒரு செம்புதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். குழாய் அடிக்கக் கடப்பாரையைப் போட்டோம். மூன்றடியில் டங் என்று பாறை! பல்லாவரத்துக் கல்லுக்கு உலகப் பெருமை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்த வகைக் கல்தான். அதை ஆராய்ந்த டி.எச். ஹாலந்து என்ற புவியியலாளர் அவர் பெயராலேயே இதற்கு 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். பெருமை சரி, எர்த்துக்கு இது ஆகாது. காய்ந்த பாறை மின்சாரத்தை லேசில் உள்ளே விடாது. பள்ளிக்கரணைச் சதுப்பின் ஈரக் களிமண்ணோ சுலபமாக வாங்கிக்கொள்ளும். கடைசியில் கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாழைப்பாத்தியில் இரண்டு ஜி.ஐ. குழாய்களை இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடினோம். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது தங்கையின் வேலையாயிற்று.

"எர்த் கட்டினா இடியை வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிற மாதிரி ஆகாதா சார்?" என்று அப்பா கேட்டார். "அழைக்கறது உயரம். எர்த், வந்ததுக்கு வழி காட்டுது" என்றார் சார்.

இன்னொன்றும் அன்று கற்றுக்கொண்டேன். சாதாரணமாக ஒரு மின்னலில் 30,000 ஆம்பியர் பாயும். எர்த்தின் தடை 10 ஓம் என்றால்கூட, அந்தக் கணத்தில் எர்த் கம்பி 3 லட்சம் வோல்ட் உயர்ந்துவிடும். ஏரியலுக்கு ஒரு எர்த், வீட்டு மின்சாரத்துக்கு வேறொரு எர்த் என்று தனித்தனியாக இருந்தால், இந்த வித்தியாசம் முழுவதும் நடுவில் இருக்கும் ரேடியோவின் மேல், அல்லது அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆளின் மேல் விழும். எல்லா எர்த்தையும் தடித்த கம்பியால் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். வெள்ளம் ஏறினால் படகில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து உயர்வார்களே, அதைப்போல. எர்த் கம்பி குட்டையாகவும், வளைவு நெளிவு இல்லாமலும் இறங்க வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு வெளியிலேயே அரெஸ்டர் வைத்து, அதையும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். இவ்வளவு செய்தாலும், வானம் கறுக்கும்போதே பிளக்கையும் ஏரியலையும் கழற்றி வைப்பதுதான் புத்திசாலித்தனம். இடி இடிக்க ஆரம்பித்த பிறகு அவற்றின் கிட்டேயே போகக்கூடாது.

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைக்கு டி.வி. வந்தது. பிறகு இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க நம் புறநகரில் இருபதடி, முப்பதடி குழாய்கள் முளைத்தன. அப்புறம் தென்னைக்குத் தென்னை தாவிய கேபிள், டிஷ், இப்போது சோலார். மேலே ஏறுவது மாறிக்கொண்டே இருக்கிறது. கீழே இறங்க வேண்டியதைத்தான் நாம் பார்ப்பதில்லை. இன்றும் நம் நாட்டில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் இடி விழுந்து சாகிறார்கள். பெரும்பாலோர் வயலிலும் வெட்டவெளியிலும் இருப்பவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல கூரைகூட இல்லை. கூரை உள்ள நாம் ஒரு கம்பி கட்ட சோம்பல்படலாமா?

மேடவாக்கத்தில் இருக்கும் என் பேரன் சென்ற வருடம் ஹாம் ரேடியோ பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினான். மாடியில் ஆன்டெனா கட்டிவிட்டு போனில் படம் காட்டினான். நானும் சாருடைய கேள்வியையே கேட்டேன். "மேல கட்டினது இருக்கட்டும்டா, கீழ என்ன கட்டினே?"

"செப்புப் பட்டை இறக்கி, மெயின் எர்த்தோட சேர்த்தாச்சு தாத்தா" என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சார் இன்று இல்லை. தங்கை இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். வானம் கறுத்தால் இப்போதும் முதலில் துணியைத்தான் எடுக்கப் போகிறாள்.

நண்பர்களே, மாணவத் தம்பி தங்கைகளே, கூடல் முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒருதரம் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். மேலே என்னென்ன நிற்கிறது என்று எண்ணிவிட்டு, அப்படியே கீழேயும் இறங்கிப் பாருங்கள். வாழ்க நம் கல்லூரி!