மடியில் கனம்

ஒரகடத்தில் ஆலை ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். வரிசையில் நிற்பவர்கள் கையைக் கொஞ்சம் அகட்டிக்கொள்கிறார்கள். காவலாளியின் கை இரண்டு பக்க இடுப்பையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போகிறது. பெல்ட்டில் சாவிக்கொத்து, பின்பாக்கெட்டில் பர்ஸ், சட்டைக்கு மேல் அடையாள அட்டை. வேறொன்றும் இருக்காது என்பது இருவருக்குமே தெரியும். ஆனாலும் தட்டிப் பார்க்காமல் விடுவதில்லை.

இந்த ஒரகடம் சாலையில் துப்பாக்கி என்ற சொல்லே ஒரு விளம்பர வாசகத்தில்தான் வாழ்கிறது. 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்த ராயல் என்ஃபீல்டின் பழைய முழக்கம், 'துப்பாக்கி போலச் செய்தது' என்பது. 1890களில் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய பாகங்கள் செய்து கொடுத்தது. அந்தப் பெருமையில் பெயரையும் முழக்கத்தையும் பீரங்கிச் சின்னத்தையும் எடுத்துக்கொண்டது. 1955இல் மெட்ராசுக்கு வந்து, திருவொற்றியூரில் வேரூன்றி, கடைசியில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிக்கரைகளுக்கு வந்து சேர்ந்தது. வண்டிக்குப் பெயர் புல்லட். ஓட்டுகிறவர் இடுப்பில் இருப்பதோ செல்போன்.

ஒரகடத்துக்கு வடக்கே ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர் என்று ஆயிரம் ஆண்டுகளாக அறியப்பட்ட அந்த இடத்துக்கு, 1991 மே 21 இரவு இன்னொரு அடையாளமும் வந்து சேர்ந்தது. ஒரு பெண் ஆடைக்குள் உடம்போடு கட்டி மறைத்து வந்த வெடிகுண்டு ராஜீவ் காந்தியையும் சுற்றியிருந்த பலரையும் கொன்றது. முன்னாள் பிரதமர்களுக்கும் சிறப்புப் பாதுகாப்புப் படையின் காவல் உண்டு என்று அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. அரசியல் கூட்டத்துக்குப் போகிறவர் மெட்டல் டிடெக்டர் வாசலுக்குள் நுழைந்து, இடுப்பைத் தடவிப் பார்க்க நின்றுகொடுப்பது சகஜமானதும் அதற்குப் பிறகுதான். ஆலை வாசலில் தட்டிப் பார்க்கும் கை திருட்டுப்போகும் உதிரிபாகத்தைத் தேடுகிறது, கூட்டத்து வாசலில் தேடுவது வேறு. தேடும் இடம் மட்டும் ஒன்றே.

இடுப்பின் மீது இந்தச் சந்தேகம் எப்போது வந்தது? மதுரை புதுமண்டபத் தூண்களில் நிற்கும் நாயக்க மன்னர்களைப் பார்த்தால், அது பழைய சரக்கு இல்லை என்று தெரியும். கை கூப்பிக் கும்பிட்டபடி நிற்கிறார்கள். இடைக்கச்சையில் குறுவாள் செருகியிருக்கிறது. சாமி முன்னாலும் அதை அவிழ்த்து வைக்கவில்லை, துணி போட்டு மூடவும் இல்லை. கச்சையை எத்தனை சுற்றுச் சுற்றினான், பிடியில் என்ன வேலைப்பாடு, உறைக்கு என்ன பட்டு என்பதெல்லாம் ஆளின் தகுதியைச் சொன்ன காலம் அது. குறுக்குப் பிடி வைத்த கட்டாரியைத் தென்னாட்டுக் கொல்லர்கள் நகை போலச் செய்தார்கள். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் கிடந்தவற்றில் ஒரு பகுதி இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காட்டுவதற்காகச் செய்த பொருளை மறைக்க யாரும் உறை தேடவில்லை.

மறைக்கும் தேவையை உண்டாக்கியது அரசாங்கம். கட்டபொம்மனை 1799இலும் மருது சகோதரர்களை 1801 அக்டோபரிலும் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பர் 1ஆம் தேதி மெட்ராஸ் ஆளுநர் எட்வர்டு கிளைவ் பாளையங்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தார். கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். தெற்குச் சீமையில் இடுப்பைக் காலி செய்யும் வேலை அன்று தொடங்கியது.

மலபாரில் அது தனிச்சட்டமாகவே வந்தது. அப்போது மெட்ராஸ் மாகாணத்தைச் சேர்ந்த அந்த மாவட்டத்தில் மாப்பிளமார் எனப்படும் முஸ்லிம்கள் இடுப்பில் வைத்திருந்த கத்தியைக் குறிவைத்து 1854இல் ஒரு சட்டம். கலெக்டர் கனோலி ஊர் ஊராகப் போய் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கத்திகளை வாங்கிக் குவித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், சிறையிலிருந்து தப்பிய மாப்பிளமார் சிலர் கோழிக்கோட்டில் அவர் வீட்டு வராந்தாவிலேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். கத்தியைக் கொடுத்தவர்கள் கணக்கு இருந்தது. கொடுக்காதவர்கள் கணக்கு யாரிடம் இருக்கும்?

பக்கத்தில் குடகு மட்டும் தப்பியது. 1861இல் கிடைத்த விலக்கு, 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்திலும் தொடர்ந்தது. குடகர்களுக்கும் அங்குள்ள ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலக்காரர்களுக்கும் உரிமம் தேவையில்லை என்ற விலக்கு 2029 அக்டோபர் வரை இன்றும் செல்லும். அதனால்தான் இடுப்பு ஆயுதத்தின் பழைய பாணி அங்கே உயிரோடு இருக்கிறது. குடகர் திருமணத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: முன்பக்கம் சிவப்புப் பட்டுக் கச்சையில் பீச்சக்கத்தி. முதுகுப் பக்கம் ஒடிக்கத்தி என்ற அகன்ற வளைந்த கத்தி. அந்த ஒடிக்கத்திக்கு உறையே கிடையாது. 'தோடங்கு' என்ற உலோகப் பிடி ஒன்று இடுப்பில் பின்னால் நிற்கும், அதில் கத்தியைச் செருகிவிட்டால் போதும். தோல் இல்லை, பட்டி இல்லை, மூடி இல்லை. இன்றைய துப்பாக்கி உறைக்காரர்கள் 'குறைந்த பொருள், நிறைந்த வசதி' என்று கூவி விற்பதைக் குடகுக் கொல்லன் எப்போதோ செய்து முடித்துவிட்டான்.

உறைக்கு உலகப் புகழ் சேர்த்த இன்னொரு கண்டுபிடிப்பும் இந்திய மண்ணில் நடந்ததுதான், ஒரு விபரீதத்தின் விளைவாக. 1858 ஆகஸ்டில், இன்றைய உத்தரப் பிரதேசத்தில் பிலிபித் பக்கம் நடந்த சண்டையில் சாம் பிரவுன் என்ற குதிரைப்படை அதிகாரிக்கு இடது கை தோளோடு போயிற்று. வாளை உருவ வேண்டுமானால் இன்னொரு கையால் உறையைப் பிடித்தாக வேண்டும். இவருக்கு அந்தக் கை இல்லை. ஆகவே அகலமான தோல் பெல்ட், அதன் கனத்தைத் தாங்க வலது தோள் வழியாகக் குறுக்கே ஒரு பட்டை, வாளுறை ஆடாமல் நிற்க ஒரு கொக்கி, வலப்பக்கம் கைத்துப்பாக்கிக்கு மூடி வைத்த உறை என்று தனக்காகச் செய்துகொண்டார். பார்த்தவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். நம் ஊர் போலீஸ் அதிகாரிகள் அணிவகுப்பில் மாட்டிக்கொள்ளும் குறுக்குப் பெல்ட்டும் அவர் பெயர் சொல்வதுதான்.

ஆனால் அது வெளியே தெரிகிற உறை, அதிகாரத்தின் உறை. மறைத்துக் கொண்டுபோவது வேறு கலை. அதற்கு முதலில் துப்பாக்கி தட்டையாக வேண்டியிருந்தது. ரிவால்வரின் நடுவில் குண்டுகள் சுழலும் உருளை புடைத்துக்கொண்டு நிற்கும். எந்தத் துணிக்குள் வைத்தாலும் காட்டிக்கொடுக்கும். 1900 வாக்கில் ஜான் பிரௌனிங் வடிவமைத்து பெல்ஜியத்தின் எர்ஸ்தால் ஆலையில் செய்த தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் குண்டுகள் பிடிக்குள் போய்விட்டன. கோட்டுப் பையில் சிகரெட் பெட்டி போலக் கிடக்கும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், குடுமி வைத்து வேட்டி கட்டி வந்த வாஞ்சிநாதனைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்துப் பிரௌனிங். 1801 முதல் நூற்றுப்பத்து ஆண்டுகள் ஒவ்வொரு இடுப்பாகக் காலி செய்துவந்த ஆட்சிக்கு, அதே திருநெல்வேலிச் சீமையில் கிடைத்த பதில் அது.

இந்தியருக்குத் துப்பாக்கி உரிமமே அரிதாக இருந்ததால், மறைத்து வைக்கும் உறைக்கென்று இங்கே ஒரு தொழில் வளரவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதற்கான தோல் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஆவாரம் பட்டையில் பதப்படுத்திய மெட்ராஸ் தோல் உலகச் சந்தையில் தனிப்பெயரோடு விற்றது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவப் பூட்ஸ்களுக்காக அரசாங்கமே அதை மொத்தமாக வாங்கியது. அந்தப் போருக்கு முன்பே குரோமிய உப்பில் பதப்படுத்தும் முறையும் வந்திருந்தது. 1912இல் சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனிதான் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது. குரோம் தோல் மிருதுவானது, சீக்கிரம் தயாராவது, செருப்புக்கும் பைக்கும் நல்லது. துப்பாக்கி உறைக்கு ஆகாது. நனைத்து அழுத்தினால் துப்பாக்கியின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே விறைப்பது பட்டை போட்ட தோல்தான். குரோம் தோல் தொளதொளவென்று நிற்கும், அதில் தங்கிய உப்பு இரும்பையும் அரிக்கும்.

சென்னை வெயிலில் பட்டை போட்ட தோலும் முழு உத்தரவாதம் இல்லை. இடுப்பு வியர்வையைத் தோல் உறிஞ்சிவைத்துக்கொள்ளும். ராத்திரி துப்பாக்கியை உறையோடு அலமாரியில் வைத்தால் நாலு நாளில் துருப் பொட்டு எழும்பும். தனியே எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்க வேண்டும். 1960களில் விமானத்தின் உட்புறத்துக்காக வந்த கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகடு, பின்னாளில் உறைக்காரர்கள் கைக்குப் போனது இதனாலும்தான். சூடாக்கி அழுத்தினால் வடிவம் பிடிக்கும், வியர்வை ஏறாது. அதிலிருந்து இன்னும் குறைத்துக் குறைத்து, விசையை மூடும் ஒரு சின்னக் கவசம், பெல்ட்டில் மாட்ட ஒரு கிளிப் என்ற அளவுக்கு அமெரிக்காவில் உறை சுருங்கிவிட்டது. விசைக்கு விரலோ துணியோ போகக் கூடாது, குனிந்தாலும் ஓடினாலும் விழக் கூடாது என்ற இரண்டைத் தவிர மற்றதெல்லாம் அலங்காரம் என்பது அவர்கள் கணக்கு. இவை எல்லாவற்றுக்கும் ஒரு விறைப்பான பெல்ட் வேண்டும். வேட்டி கட்டியவர் இதை எங்கே மாட்டுவார் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

நம் ஊர் உரிமக்காரருக்குக் கிடைப்பதும் வேறு சாமான். 9 மில்லிமீட்டர் துப்பாக்கி பொதுமக்களுக்குத் தடை. எனவே கான்பூர், இஷாப்பூர் அரசு ஆலைகளில் செய்யும் .32 ரகம்தான் வழக்கம். 2014இல் பெண்களுக்கென்று கான்பூரில் 'நிர்பீக்' என்ற அரைக்கிலோ ரிவால்வரை விட்டார்கள். அப்போது விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல், நகைப்பெட்டி போல மெரூன் நிறப் பெட்டி. கைப்பைக்குள் வைக்கலாம் என்றார்கள். மாதச் சம்பளத்தில் வாடகையும் ஊருக்கு அனுப்புவதும் போக மிச்சம் பார்க்கும் பெண்கள், இருட்டுவதற்குள் ஆலை பஸ்ஸைப் பிடிக்கும் இந்தச் சாலையில் அந்த விலையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

கத்தி விஷயத்தில் சட்டம் நாட்டுப்புறத்தைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது போலிருக்கும். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வரும். கைத்தடிக்குள் ஒளித்த வாளும் வரும். ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை வராது. திருப்பாச்சேத்தி அரிவாள் கருவேல மரத்தை வெட்டும்வரை கருவி. அதுவே சட்டைக் காலருக்குப் பின்னால் செருகப்பட்டால் என்ன என்பதை நம் சினிமா போதுமான அளவு விளக்கிவிட்டது. காலரும் ஒரு உறைதான், தையற்காரர் உத்தேசிக்காத உறை.

துப்பாக்கிக்கு வந்தால் 2016 ஆயுத விதிகள் நேர் எதிர்த்திசையில் பேசுகின்றன. கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுபோகிறவர் உடம்போடு மாட்டிய ஹோல்ஸ்டரிலோ அதற்கேற்ற பையிலோதான் வைத்திருக்க வேண்டும். அது முழுவதும் மூடியிருக்க வேண்டும், எப்போதும் அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்து வீசிக் காட்டுவது குற்றம். 2019 திருத்தம் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கும் இரண்டு ஆண்டு வரை சிறை என்றது, ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி எண்ணிக்கையையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. புதுமண்டபத்து நாயக்கர் உயிரோடு வந்து, கட்டாரிக்குப் பதில் கைத்துப்பாக்கியைக் கச்சையில் செருகி அப்படி நின்றால் வழக்குப் பதிவாகும். மறைக்கவில்லை என்பதற்காக.

'மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை' என்று பெரியவர்கள் சொன்னபோது அந்தக் கனம் பணம். சந்தைக்குப் போகிற மாட்டு வியாபாரி பனியனுக்குள் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டின் பைகளில் நோட்டுக் கட்டுதான் இருக்கும். நாள் முழுக்கக் கட்டியிருந்தாலும் உறுத்தாது, சட்டைக்கு மேல் தெரியாது. மறைத்துச் சுமப்பதில் தமிழ்நாட்டின் நிஜமான கண்டுபிடிப்பு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்ட வேண்டும்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் மற்ற ஊர்களைப் போல இந்தப் பகுதி உரிமக்காரர்களுக்கும் தகவல் வரும். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வாக்குப்பதிவும் எண்ணிக்கையும் முடிந்து திருப்பித் தரும்வரை துப்பாக்கி ஸ்டேஷனில், ரசீது சட்டைப் பையில், உறை வீட்டு ஆணியில்.