சோளப் பாம்பு வளர்ப்புக் கூண்டின் ஒளியமைப்பு

சோளப் பாம்பு வளர்ப்புக் கூண்டின் ஒளியமைப்பு என்பது, கூண்டில் வளர்க்கப்படும் சோளப் பாம்பிற்குப் பகல் வெளிச்சம், வெப்பம், புற ஊதாக் கதிர் ஆகியவற்றை வழங்கும் விளக்குகளைத் தேர்ந்து பொருத்தும் முறை ஆகும். இப்பாம்பிற்கு வலிமையான விளக்கு தேவையில்லை. சீரான பகல்-இரவுச் சுழற்சியே தேவை. பொருந்தாத விளக்கு தீப்புண், கண் அழற்சி, வெப்பத் தாக்கம் ஆகியவற்றை உண்டாக்கும். திண்டுக்கல் சமவெளி போன்ற வெப்பமான பகுதிகளில் குளிரைக் காட்டிலும் மிகை வெப்பமே முதன்மையான இடராகும்.

பாம்பும் அதன் வாழிடமும்

சோளப் பாம்பு என்பது கார்ன் ஸ்னேக் என்னும் ஆங்கிலப் பெயரின் தமிழாக்கம் ஆகும். இதன் அறிவியல் பெயர் பான்தெரோபிசு கட்டாட்டசு. 1766 ஆம் ஆண்டில் லின்னேயசு இவ்வினத்தை விவரித்தார். இது நச்சற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்குப் பகுதியே இதன் தாயகம். பெயர் எவ்வாறிருப்பினும், திண்டுக்கல் வட்டாரத்தின் மக்காச்சோள வயல்களில் காணப்படும் பாம்பு இதுவன்று. அங்கு எலிகளைத் தேடி வருவது பெரும்பாலும் சாரைப்பாம்பே.

சோளப் பாம்பு அந்தி வேளையிலும் இரவிலும் மிகுதியாக நடமாடும். பகலில் மரப்பட்டை, உதிர்ந்த இலைகள், வளைகள் ஆகியவற்றினுள் மறைந்திருக்கும். எனவே எவ்வகை விளக்கு பொருத்தினாலும், ஒளி புகாத மறைவிடம் கூண்டின் வெப்பப் பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றும் இருத்தல் வேண்டும்.

கண்ணும் ஒளியும்

பாம்புகளுக்கு இமை இல்லை. நிலையான ஒளி ஊடுருவும் செதில் ஒன்று கண்ணை மூடியிருக்கிறது. ஆதலால் கண்ணை மூடி ஒளியைத் தவிர்க்கப் பாம்பால் இயலாது. மறைவிடத்திற்குச் செல்வதே ஒரே வழி. இரவு முழுவதும் விளக்கு எரியும் கூண்டில் பாம்பின் நடமாட்டமும் இரை உண்ணலும் குறையக்கூடும்.

சிவப்பு அல்லது நீல விளக்கைப் பாம்பு உணராது என்ற கருத்து வளர்ப்போரிடையே நெடுங்காலம் நிலவியது. இது சரியன்று. எந்த நிறத்தில் இருப்பினும் இரவில் விளக்கு வேண்டியதில்லை. கரு நிறமி இல்லாத, சிவந்த கண்ணுடைய வளர்ப்பு வகைகள் வலிய ஒளியால் எளிதில் பாதிக்கப்படும்; அவற்றிற்கு ஒளியை மேலும் குறைத்தல் வேண்டும்.

விளக்கு வகைகள்

எல்இடி விளக்கு: வெளிச்சம் தருவதற்கு ஏற்றது, குறைந்த வெப்பத்தையே வெளியிடும். கூண்டிற்கு வெளியே, மேற்பகுதியில் பொருத்தப்படும்.

வெப்ப விளக்கு: ஆலசன், இழை விளக்குகள் வெளிச்சத்துடன் வெப்பத்தையும் தரும். இவற்றின் மேற்பரப்பில் உடல் பட்டால் தீப்புண் உண்டாகும். பாம்புகள் சூடான பரப்பை விட்டு உரிய நேரத்தில் விலகாமல் கடும் புண்ணடைவது கால்நடை மருத்துவத்தில் நன்கறியப்பட்டதாகும். எனவே கூண்டின் உள்ளே உள்ள விளக்கிற்குக் கம்பிவலைக் காப்பு கட்டாயமாகும்.

பீங்கான் வெப்பமூட்டி: ஒளியின்றி வெப்பம் மட்டும் தரும். குளிர் இரவுகளில் வெப்பம் தேவைப்பட்டால் இதனைப் பயன்படுத்தலாம். இதற்கும் கம்பிவலைக் காப்பு வேண்டும்.

வெப்பமூட்டி எதுவாயினும் தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியுடன் இணைக்கப்பட வேண்டும். வெப்பப் பக்கம் 29 முதல் 32 பாகை செல்சியசு வரையிலும், குளிர்ந்த பக்கம் 22 முதல் 26 பாகை வரையிலும் இருப்பது பொதுவான பரிந்துரை ஆகும்.

புற ஊதாக் கதிர்

முழு எலியை உண்ணும் சோளப் பாம்பு, உணவிலிருந்தே உயிர்ச்சத்து டி-யைப் பெறுகிறது. எனவே புற ஊதா விளக்கின்றியும் இது வாழும். ஆயினும் புற ஊதா-பி கதிர் பட்ட சோளப் பாம்புகளின் குருதியில் உயிர்ச்சத்து டி3-இன் அளவு உயர்ந்ததை 2008 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நிழலில் வாழும் ஊர்வனவற்றிற்குப் புற ஊதாச் சுட்டெண் சராசரியாக 0.7-க்கு மிகாத மென்மையான அளவு பரிந்துரைக்கப்படுகிறது. தென்னிந்தியக் கோடை நண்பகலில் இச்சுட்டெண் 10-ஐத் தாண்டுவதுண்டு என்பதை ஒப்பிட்டால், இத்தேவை எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

மீன் தொட்டி நீரையும் குடிநீரையும் தூய்மையாக்கும் 'யுவி' விளக்குகள் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா-சி கதிரை வெளியிடுபவை. இவை நுண்ணுயிர்களைக் கொல்ல உருவாக்கப்பட்டவை. பாம்பின் கண்ணையும் தோலையும், அருகில் நிற்கும் மனிதரின் கண்ணையும் சிதைக்கும். பெயர் ஒற்றுமையால் இவற்றை வாங்கிப் பொருத்துவது பெருந்தவறு.

திண்டுக்கல் சமவெளியில்

திண்டுக்கல் நகரம் சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட வறண்ட சமவெளியில் அமைந்துள்ளது. கோடையில் பகல் வெப்பம் 37 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்கள் உண்டு. அத்தகைய நாட்களில் அறையின் வெப்பமே பாம்பின் தேவையை மிஞ்சிவிடும். அப்போது வெப்ப விளக்கை முற்றிலும் நிறுத்திவிட்டு, எல்இடி விளக்கையோ சன்னல்வழி வரும் மறைமுக வெளிச்சத்தையோ மட்டும் பயன்படுத்த வேண்டும். கான்கிரீட் கூரையின் கீழுள்ள மாடி அறைகள் கூண்டு வைக்க ஏற்றவை அல்ல.

நேரடி வெயிலில் கண்ணாடித் தொட்டியை வைத்தல் ஆகாது. கண்ணாடி புற ஊதா-பி கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். வெப்பத்தையோ உள்ளே தேக்கிவிடும். இதனால் பாம்பிற்கு நன்மை எதுவும் இல்லை. குறுகிய நேரத்தில் அது இறக்கவும் நேரிடும்.

திண்டுக்கல் ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே வேறுபாடு. இப்பாம்பின் வாழிடத்தின் வட எல்லையில் இவ்வேறுபாடு ஐந்து மணி நேரத்திற்கும் மேலாகும். இனப்பெருக்க நோக்கமின்றி வளர்க்கப்படும் பாம்பிற்கு 12 மணி நேர வெளிச்சமும் 12 மணி நேர இருளும் போதுமானவை.

மின் பாதுகாப்பு

இந்தியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வட அமெரிக்காவிற்கெனத் தயாரிக்கப்பட்ட 120 வோல்ட் விளக்கை இங்கு நேரடியாக இணைத்தால் அது எரிந்துபோகும், வெடிக்கவும் கூடும். எனவே வாங்கும்போதே விளக்கில் குறிக்கப்பட்டுள்ள மின்னழுத்தத்தைப் பார்த்தல் வேண்டும். மின்கலம் இல்லாத சுழல்தட்டு நேரக் கருவி, மின்தடையின்போது நின்று பின்தங்கிவிடும். ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் அதனைச் சரிசெய்யாவிடில் பகல் வெளிச்சம் இரவில் எரியத் தொடங்கும்.

சட்ட நிலை

இக்கட்டுரையில் கூறப்பட்டவை உள்நாட்டுப் பாம்புகளை வளர்ப்பதற்கு உரியவை அல்ல. சாரைப்பாம்பு, நல்ல பாம்பு முதலியன வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் காக்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். வீட்டினுள் பாம்பு புகுந்தால் தீயணைப்பு மீட்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.

2022 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டீசு எனப்படும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று அது வகை செய்கிறது. சோளப் பாம்பு அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் இல்லை. எனினும் அதனை உரிய அனுமதியின்றி நாட்டிற்குள் கொண்டுவருவது கடத்தலாகும். 2023 திசம்பரில் மும்பை வானூர்தி நிலையத்தில் பயணி ஒருவரிடமிருந்து ஒன்பது பந்து மலைப்பாம்புகளுடன் இரண்டு சோளப் பாம்புகளும் கைப்பற்றப்பட்டன. எனவே விளக்கையும் கூண்டையும் தேர்வதற்கு முன், பாம்பு முறையான வழியில் வந்ததா என்பதை ஆவணங்களுடன் உறுதி செய்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

சாரைப்பாம்பு
புற ஊதாக் கதிர்
வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972
திண்டுக்கல் மாவட்டம்