இடது கை கடந்து வந்த வழி

இடது கை பிடிக்கும் கார்டுக்கு ஏற்பத் தாளத்தையும் பின்னணியையும் தானே வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஜப்பான் என்பார்கள். மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்தால் அது சரிதான். உடம்பைத் தடவிப் பார்த்தால் வேறு ஊர் தெரியும். இத்தாலியின் கிழக்குக் கரையில், அங்கோனா துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு குன்றின்மேல் காஸ்தெல்ஃபிதார்தோ என்ற சிற்றூர் இருக்கிறது. 1863-இல் பாவ்லோ சொப்ரானி என்பவர் அங்கே அக்கார்டியன் செய்யத் தொடங்கினார். பிறகு அந்த வட்டாரமே அக்கார்டியனால் பிழைத்தது.

அக்கார்டியனில் வலது கைக்குப் பியானோக் கட்டைகள், இடது கைக்குப் பொத்தான்கள். முழு அளவுப் பெட்டியில் 120 பொத்தான்கள், ஆறு வரிசையாக. முதல் இரண்டு வரிசையில் தனித்தனி பாஸ் சுரங்கள். மற்ற நான்கிலும் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு முழு கார்டு வரும்: மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்ட். ஒற்றை விரலுக்கு மூன்று சுரம். இந்தப் பொத்தான்களை வாசிப்பவரால் பார்க்கவே முடியாது. கை வாருக்குள் மாட்டியிருக்கும், பொத்தான்கள் பெட்டியின் வெளிப்பக்கத்தில் இருக்கும். அதனால் சி பாஸ் பொத்தானின் தலையில் ஒரு சின்னக் குழி வைத்தார்கள். விரல் அந்தக் குழியைத் தொட்டுவிட்டால் போதும், மற்ற 119-ம் எங்கே என்று கைக்குத் தெரிந்துவிடும். கருவி செய்கிறவர் வாசிக்கிறவரின் கண்ணை நம்பவில்லை, விரலை நம்பினார். இந்தக் குழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிற எந்த கீபோர்டையும் நான் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

1946-இல் அந்த வட்டாரத்து அக்கார்டியன் கம்பெனிகள் சில ஒன்றுசேர்ந்து ஃபார்ஃபிசா ஆயின. 1960-களில் ராக் இசை வந்து அக்கார்டியனை ஓரங்கட்டியபோது அதே கம்பெனி மின் ஆர்கனுக்கு மாறியது. தாளம் வேறு பக்கமிருந்து வந்தது. 1959-இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் கம்பெனி 'சைட் மேன்' என்றொரு மரப்பெட்டியை விற்றது. உள்ளே ஒரு தட்டு சுழலும். அதிலுள்ள மின் தொடுபுள்ளிகள் டிரம்மையும் சிம்பலையும் ஒலிக்க வைக்கும். ஜப்பானில் இகுதாரோ ககேஹாஷி 1967-இல் சுழலும் தட்டே இல்லாத, முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடும் தாளப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அது ஹாமண்ட் ஆர்கன்களுக்குள் போய் உட்கார்ந்தது. அவர்தான் 1972-இல் ரோலண்ட் கம்பெனியைத் தொடங்கியவர்.

1980-இல் காசியோவும் யமஹாவும் மடியில் வைத்து வாசிக்கக்கூடிய கீபோர்டுகளைக் கடைக்குக் கொண்டுவந்தன. அக்கார்டியனின் ஒற்றை விரல் கார்டு இங்கே மறுபிறவி எடுத்தது. யமஹா முறையில் மூலச் சுரத்தை மட்டும் தொட்டால் மேஜர். கூடவே அதன் இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையையும் தொட்டால் மைனர், வெள்ளைக் கட்டையைத் தொட்டால் செவன்த். பொத்தானின் வேலையைக் கட்டை எடுத்துக்கொண்டது. குழி மட்டும் வழியில் விழுந்துவிட்டது.

1980-களின் கடைசியில் ரோலண்ட், இத்தாலியின் சீல் கம்பெனியை வாங்கியது. அந்தத் தொழிற்சாலை இருந்த அக்குவாவிவா பிச்சேனா ஊரும் காஸ்தெல்ஃபிதார்தோ இருக்கும் மார்க்கே மாநிலத்தில்தான். இன்று நாம் அரேஞ்சர் என்று சொல்கிற வடிவம், ரோலண்டின் இ-20, 1988-இல் அங்கிருந்து வந்தது. கோர்க் கம்பெனியின் பிஏ வரிசை உருவாவது காஸ்தெல்ஃபிதார்தோவுக்குப் பக்கத்து ஊரான ஓசிமோவில். கெட்ரான் கம்பெனி இருப்பது அங்கோனாவில். எல்லாம் அக்கார்டியன் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளின் ஊர்தான், தொழில் வேறெங்கும் போகவில்லை.

அங்கிருந்து அரேஞ்சர் போன இடங்கள் பல. ஜெர்மனியில் தனி ஆளாகக் கல்யாண வீட்டைச் சமாளிக்கிறவரின் கைக்குப் போனது. இந்தோனேசியாவில் 'ஓர்கன் துங்கல்' என்ற பெயரில் ஒரு கீபோர்டும் ஒரு பாடகியும் ஊர்த் திருவிழாவையே நடத்துகிறார்கள். அரபு நாடுகளுக்குப் போனபோது உடம்பே கொஞ்சம் மாறியது: எந்தச் சுரத்தைக் கால் தொனி இறக்கவேண்டும் என்று அழுத்திச் சொல்ல, பன்னிரண்டு சுரத்துக்கும் தனிப் பொத்தான்கள் முகப்பில் முளைத்தன. சிரியாவின் ரிசான் சயீத் வாசிப்பதைக் கேட்டால் அந்தப் பொத்தான்களின் அருமை புரியும்.

தமிழ்நாட்டு மேடைக்கு வந்தபோதுதான் விஷயம் சுவாரசியமானது. இங்கே அதற்கு முன் உட்கார்ந்திருந்தது ஆர்மோனியம். 1842-இல் பிரான்சின் தெபேன் காப்புரிமை வாங்கிய கருவி அது; 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைக் கையால் காற்றடிக்கும் பெட்டியாக்கினார். சுரங்களுக்கு நடுவே வழுக்க முடியாது என்பது உள்ளிட்ட காரணங்களுக்காக அகில இந்திய வானொலி 1940-இலிருந்து 1971 வரை அதை ஒதுக்கி வைத்தது. அக்கார்டியனைப் போலவே உள்ளே உலோக நாக்குதான். ஆனால் கைப்பெட்டியில் இடது கைக்குத் துருத்தி வேலை. ஸ்பெஷல் நாடக மேடையின் கால் ஆர்மோனியத்தில் இரண்டு கையும் விடுதலையானது. அப்போதும் இரண்டு கையும் ராகத்தைத்தான் துரத்தின, கார்டு பிடிக்கவில்லை.

ஆக, கார்டு பிடிக்கவென்றே வளர்ந்த கருவி, கார்டு பிடித்துப் பழகாத இடது கைகளிடம் வந்து சேர்ந்தது. மெல்லிசைக் குழுக்காரர்கள் கார்டு கற்றுக்கொண்டார்கள், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தக் கைக்கு இங்கே இன்னொரு வேலை காத்திருந்தது: கமகம். வலது கை ஒரு கட்டையைப் பிடித்திருக்க, இடது கை பிட்ச் வீலை உருட்டிச் சுரத்தை அசைக்கவேண்டும். கீபோர்டில் கச்சேரியே செய்கிற கே. சத்தியநாராயணன் வாசிக்கும்போது அந்த இடது கையைப் பாருங்கள், வீணையின் இழுப்பு முழுவதும் அங்கேதான் நடக்கிறது. ஆனால் ஸ்டைல், அதாவது கீபோர்டு தானே வாசிக்கும் தாளமும் பின்னணியும், ஓடும்போது கார்டை விட்டுவிட்டு வீலுக்கு ஓடினால், கார்டு மாறவேண்டிய இடம் தப்பிவிடும். இரண்டுக்கும் இருப்பது ஒரே கை.

புதிய கீபோர்டு வந்தால் நம்மவர்கள் முதலில் கேட்பது எத்தனை டோன், எத்தனை ஸ்டைல் என்றுதான். எனக்கு அது கடைசிக் கேள்வி. முதலில் பார்ப்பது இடது ஓரம். 2013-இல் வந்த யமஹா டைரோஸ் 5 வரை அங்கே இரண்டு வீல்கள் இருந்தன. பிட்ச் வீல் விட்டதும் நடுவுக்குத் திரும்பும், சுரத்தில் நடுக்கம் ஏற்றும் மாடுலேஷன் வீல் விட்ட இடத்தில் நிற்கும். 2017-இல் வந்த ஜெனோஸிலும் 2019-இல் வந்த பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900-இலும் இரண்டையும் சேர்த்து ஒரே ஜாய்ஸ்டிக்காக்கிவிட்டார்கள். பக்கவாட்டில் தள்ளினால் பிட்ச், மேலே தள்ளினால் மாடுலேஷன். கோர்க்காரர்கள் முன்பிருந்தே இப்படித்தான். கிட்டார் சோலோவுக்கு ஒரு சுருக்கென்ற இழுப்பு வேண்டுமென்றால் ஜாய்ஸ்டிக் வசதி. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்கவேண்டுமென்றால் அது எதிரி. கட்டைவிரல் கொஞ்சம் சாய்ந்தால் போதும், கேட்காத நடுக்கம் ஒன்று சுரத்தில் ஏறிவிடும். வீலில் உள்ளங்கை ஓரத்தை ஊன்றி மயிரிழை அளவுக்கு உருட்டலாம். குச்சியில் ஊன்ற இடமில்லை. பழக்கத்தில் வந்துவிடும் என்கிறார்கள். வரும். ஆனால் இந்த மாற்றத்தைக் கமகம் வாசிக்கிற யாரையும் கேட்டுச் செய்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது கட்டைகள். ஒரு வெள்ளைக் கட்டையை அதன் நுனியில் அழுத்துங்கள், பிறகு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ளே போய் அதையே அழுத்துங்கள். விலை குறைந்த கீபோர்டுகளில் உள்ளே அழுத்தும்போது கல்லாக இருக்கும். கட்டை திரும்பும் அச்சு மிகவும் பக்கத்தில் இருப்பதால் வருகிற கோளாறு இது. கறுப்புக் கட்டைகள் நிறைந்த கார்டைப் பிடிக்கும்போது கட்டைவிரல் உள்ளேதான் போகவேண்டும், அங்கே அழுத்தம் போதாமல் சுரம் விழாது. ஜெனோஸின் எஃப்எஸ்எக்ஸ் கட்டையில் இந்த வேறுபாடு குறைவு, அழுத்திப் பிடித்த பிறகும் விரலின் கனத்தை உணர்கிற ஆஃப்டர்டச்சும் உண்டு. எஸ்எக்ஸ்900-இல் ஆஃப்டர்டச் கிடையாது. எண்ணிக்கையையும் பார்க்கவேண்டும். 61 கட்டையில் யமஹா வழக்கமாக வைத்திருக்கும் பிரிவுப் புள்ளிப்படி இடது கைக்கு 19 போனால் வலது கைக்கு 42, அதாவது மூன்றரை ஸ்தாயி. பாட்டுக்கு நடுவே வயலினும் புல்லாங்குழலும் மாறி மாறி வாசிக்கிறவருக்கு ஜெனோஸின் 76 ஆடம்பரமில்லை.

கட்டைக்கு அடியில் ரப்பர் தொப்பிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு தொடுபுள்ளிகள். ஒன்று தொட்டு மற்றது தொட எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத்தான் கீபோர்டு நீங்கள் அழுத்திய வேகத்தைக் கணக்கிடுகிறது. ஆடி மாதத்துக் கோயில் மைதானத்தின் புழுதி அந்தப் புள்ளிகளில் படிந்தால் கணக்கு தப்பும். மெல்லத் தொட்ட சுரம் மட்டும் திடீரென்று கத்தும், அல்லது வாயே திறக்காது. ஐரோப்பிய ஓட்டல் மேடைக்குச் செய்த பெட்டிக்கு இந்தப் புழுதி கனவிலும் வந்திருக்காது. உறை போட்டு மூடுவதைத் தவிர நம்மிடமும் பெரிய வைத்தியம் இல்லை.

இப்போது குழிக்கு வருகிறேன். பாட்டு நடுவில் பாடகர் திரும்பிப் பார்த்து அரைக் கட்டை இறக்குங்கள் என்று சாடை காட்டுவார். டிரான்ஸ்போஸ் பொத்தானைக் கை தானாகத் தேடிப் போகவேண்டும். தாளத்தின் இடைவெளியை நிரப்பும் ஃபில்-இன், பாட்டை முடிக்கும் என்டிங் பொத்தான்கள் எல்லாம் அப்படியே. டைரோஸ் 5-இன் திரையைச் சுற்றி நிஜமான பொத்தான்கள் இருந்தன, நாலாவது பொத்தான் என்று விரலுக்குத் தெரியும். ஜெனோஸில் ஒன்பது அங்குலத் தொடுதிரை. பார்க்க அழகு, ஆனால் கண்ணாடியில் எல்லா இடமும் ஒன்றுதான், கண் இல்லாமல் எதையும் தொடமுடியாது. வெயிலில் போட்ட மேடையானால் கண் இருந்தும் பயனில்லை. நல்லவேளையாக ஸ்டைலை நடத்தும் பொத்தான்களை இன்னும் பிளாஸ்டிக்கில் விட்டுவைத்திருக்கிறார்கள்.

எடையைப் பொறுத்தவரை வட்டம் முழுதாகச் சுற்றி வந்துவிட்டது. பெரிய அக்கார்டியன் சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோ. எஸ்எக்ஸ்900 பதினொன்றரை, ஜெனோஸ் பதின்மூன்று. அதையும் வேன் கூரையிலிருந்து இறக்கித் தோளில் போட்டுத்தான் மேடைக்குக் கொண்டுபோகிறார்கள்.

சென்னைக்கு அருகே யமஹாவின் தொழிற்சாலை 2019-இல் உற்பத்தியைத் தொடங்கியது. சிறிய கீபோர்டுகள் அங்கே தயாராகின்றன. இந்தியாவுக்கென்றே வந்த பிஎஸ்ஆர்-ஐ500-இல் தம்பூராவும் தபலாவும் துணைவர ரியாஸ் (பயிற்சி) செய்யும் வசதி இருக்கிறது. குரல்களும் தாளங்களும் நம்முடையவை. முகப்பின் அமைப்பு மட்டும் இன்னும் உலகச் சந்தைக்கானதுதான்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெமோ பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், அதில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் பாடும். அலமாரித் தட்டிலிருந்து இறக்கி, நீங்கள் வாசிக்கும் உயரத்தில் ஸ்டாண்டில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்டைலை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் நாலு கார்டு மாற்றி, ஒரு ஃபில்-இன் போட்டு, ஒரு காந்தாரத்தை அசைத்து, மறுபடி கார்டுக்குத் திரும்பிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். லைட் மியூசிக் மட்டும் வாசிக்கிறவர் எஸ்எக்ஸ்900 போன்ற ஒன்றை யோசிக்காமல் எடுக்கலாம். கர்நாடக சங்கீதமும் வாசிக்கிறவர் அரேஞ்சருக்குப் பக்கத்தில் வீல் உள்ள பழைய கீபோர்டு ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது, விற்றுவிடாதீர்கள்.