ஓவர்லாக் டெய்லரும் பிசினஸ் எக்ஸிகியூட்டிவும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் 'டெய்லர் தேவை' என்று மட்டும் போர்டு தொங்கினால், அதை எழுதியவர் தொழிலுக்குப் புதியவர் என்று சொல்லிவிடலாம். விவரம் தெரிந்தவர் 'ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர்கள் தேவை' என்றுதான் எழுதுவார். துணியின் ஓரத்தை வெட்டியபடியே இரண்டு பாகங்களை இணைப்பது ஓவர்லாக். அடிமடிப்பும் கைமடிப்பும் பேட்லாக்கில் நடக்கும். லேபிள், பாக்கெட் போன்றவை சிங்கருக்குப் போகும். சிங்கர் கம்பெனியின் மெஷின் அங்கே ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்; ஒற்றை ஊசி மெஷினுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பெயருக்கு அடுத்து, கூலி எப்படி என்று சொல்ல, 'பீஸ் ரேட்' அல்லது 'ஷிப்ட்' என்று ஒரு சொல். அவ்வளவுதான். படிப்பவர் நடந்துகொண்டே இது தனக்கான வேலையா என்று முடிவு செய்துவிடுவார்.

சென்னையிலிருந்து வேலைவாய்ப்புத் தளங்களில் ஏறும் விளம்பரங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 'பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ்' என்று தலைப்பு. அமெரிக்காவில் எக்ஸிகியூட்டிவ் என்றால் நிறுவனத்தின் மேல்மட்டத்தில் இருப்பவர். இங்கே அது பெரும்பாலும், பட்டம் வாங்கிய கையோடு வந்து, நாள் முழுக்க போன் செய்து மாத டார்கெட்டை எட்டவேண்டிய பையனோ பெண்ணோதான். வேலை விற்பனை என்பது விளம்பரத்தின் நாலாவது பத்தியில் தெரியவரும்; சில இடங்களில் வேலைக்குச் சேர்ந்த பிறகு. விற்பனை என்று வெளிப்படையாகப் போட்டால் ஆள் வராது என்பது கம்பெனிகளின் பயம். நியாயமான பயம்தான். ஆனால் பெயரை நம்பி வந்தவர் முதல் மாதத்திலேயே கிளம்பினால், பயிற்சிக்குச் செலவிட்டதும் சேர்ந்து போகிறது. விற்பனையில் உண்மையாகவே சூடிகையான ஆளோ, 'சேல்ஸ்' என்று தேடியதால் அந்த விளம்பரம் கண்ணில் படாமலே போயிருப்பார்.

விளம்பரத்தில் போடும் பெயரையும் விசிட்டிங் கார்டில் போடும் பெயரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் வினை இது. கார்டில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கட்டும். அது சேர்ந்தவருக்குத் தரும் மரியாதை. விளம்பரத்தில் இருக்கவேண்டியது, இன்னும் சேராதவர் தன் தொழிலை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அந்தப் பெயர். திருப்பூரில் 'என்ன வேலை பார்க்கிறீங்க?' என்று கேட்டால் 'பேட்லாக் அடிக்கிறேன்' என்று பதில் வரும். போர்டிலும் அதுவேதான் இருக்கிறது.

விசித்திரமான பெயர் எல்லாமே தோற்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். டிசிஎஸ் நிறுவனத்தின் கல்லூரி ஆளெடுப்பில் நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என்று பிரிவுகள் உண்டு. நிஞ்சா என்ற பெயரில் வேலையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இருந்தும் இறுதியாண்டு மாணவர்களுக்கு அது எந்தச் சம்பளப் படி என்பது அத்துப்படி. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஆளெடுக்கும் நிறுவனம் தன் சொல்லைத் தானே பழக்கிவிட முடியும். பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகம் 'கோடிங் நிஞ்சா தேவை' என்று போட்டால், அதைத் தேடி யார் வருவார்?

தேடுதல் என்பதும் இன்று பாதி இயந்திரத்தின் கையில் இருக்கிறது. வேலை விளம்பரத் தலைப்பில் பதவிப் பெயர் மட்டுமே இருக்கட்டும், வேலைக் குறியீடு, முகவரி, தேதி, சம்பளம், கம்பெனி பெயர் எதுவும் வேண்டாம், ஆச்சரியக்குறிகளை அள்ளித் தெளிக்கவேண்டாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. சம்பளத்துக்கும் ஊருக்கும் அங்கே தனிக் கட்டங்கள் உண்டு. திருப்பூர் போர்டில் கட்டம் ஏது? அதனால் 'பீஸ் ரேட்' பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. போர்டில் சரியான பழக்கம், இணையத்தில் பிழை.

திருப்பூர்க்காரர்களை மெச்சினாலும் இரண்டு குறைகளைச் சொல்லவேண்டும். 'செக்கிங் பெண்கள் தேவை' என்று பெயரோடு பாலினத்தையும் சேர்த்து எழுதும் வழக்கம் அங்கே சகஜம். ஒரே வேலைக்கு ஆளெடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. போர்டு எழுதுபவர் காதில் அது இன்னும் விழவில்லை.

இன்னொன்று, புதிதாக வருபவர்களின் சிக்கல். அரசுத் திறன் பயிற்சி முடித்து வரும் கிராமத்துப் பெண்ணின் சான்றிதழில் 'சூயிங் மெஷின் ஆபரேட்டர்' என்று இருக்கும். ஓவர்லாக் மெஷினில் பழகியிருந்தாலும், 'ஓவர்லாக் டெய்லர்' என்ற போர்டைப் பார்த்ததும் அது அனுபவசாலிகளுக்கு என்று நினைத்து அவர் தாண்டிப் போய்விடக்கூடும். சாப்ட்வேர் விளம்பரங்களில் 'ட்ரெய்னி', 'ஜூனியர்', 'சீனியர்' என்ற முன்னொட்டுகள் இந்தச் சங்கடத்தைத் தீர்த்துவிடுகின்றன. ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் பனியன் கம்பெனிகள் அந்த வழக்கத்தைக் கடன் வாங்கி, 'ஓவர்லாக் டெய்லர் – பழகுபவர்களும் வரலாம்' என்று போர்டில் ஒரு வரி கூட்டிப் போடலாம்; அதற்கு ஆகும் செலவு பெயிண்டர் கூலி மட்டும்தான்.