மேடை மாறிய குரல்

1942 மார்ச் மாதத்தில் ஒரு நாள், நியூயோர்க் நகருக்கு அண்மையில் வசித்த இத்தாலியப் பாடகர் ஒருவரின் வீட்டினுள் எப்.பி.ஐ. அதிகாரிகள் நுழைந்தனர். எதிரி நாட்டவர் என எல்லிஸ் தீவில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் அவர் தடுத்து வைக்கப்பட்டார். பாடும்போது தாளகதியை மாற்றி எதிரிக்கு இரகசியச் செய்தி அனுப்பினார் என்பதும் அவர் மீது சுமத்தப்பட்ட பழிகளுள் ஒன்று. வழக்கு எதுவும் தொடரப்படாமலே விடுவிக்கப்பட்டார். சந்தேகத்தின் பேரிலான கைது என்றால் என்னவென்று நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அவர் பெயர் எசியோ பின்சா. 1892 இல் உரோமில் பிறந்தவர். மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் டொஸ்கானினியின் நெறியாள்கையில் பாடியவர். 1926 முதல் 1948 வரை நியூயோர்க் மெற்றோபொலிட்டன் ஒபேராவின் தலையாய அடித்தொனிப் பாடகராக விளங்கினார். இசைக்குறியீடுகளை வாசிக்கத் தெரியாது. கேட்டே கற்றவர் என்பது வியப்பு.

56 ஆவது வயதில் பின்சா ஒபேராவை விட்டு பிரோட்வே மேடைக்கு வந்தார். 1949 ஏப்ரல் 7 ஆம் திகதி, ரொட்ஜர்ஸ், ஹமர்ஸ்டைன் இருவரும் படைத்த 'சவுத் பசிபிக்' அரங்கேறியது. அவருடன் நடித்த மேரி மார்ட்டின் அக்குரலுக்கு ஈடுகொடுக்க அஞ்சியதால், இருவரும் ஒருங்கே குரல்கொடுத்துப் போட்டியிட நேராதவாறே பாடல்கள் அமைக்கப்பட்டன. 1,925 காட்சிகள் கண்ட அந்நாடகம் புலிட்சர் பரிசையும், பின்சா டோனி விருதையும் பெற்றனர்.

அக்கதையின் கரு இனவெறுப்பு. பின்சா ஏற்ற பாத்திரம், பொலினேசியப் பெண்ணை மணந்து இரு பிள்ளைகளுக்குத் தந்தையான பிரெஞ்சுத் தோட்டக்காரர். அதை அறிந்ததும் அவரைக் காதலித்த அமெரிக்கத் தாதி விலகிப் போகிறாள். வெறுப்பு பிறவிக் குணமன்று, ஊட்டி வளர்க்கப்படுவது என்று கூறும் பாடலொன்றை நீக்குமாறு ஆலோசனைகள் வந்தன. படைப்பாளிகள் இணங்கவில்லை.

ஒபேரா உலகம் இத்தகைய மேடை மாற்றத்தை எளிதில் ஏற்றதில்லை. இரவு விடுதிகளில் பாடியதை மெற்றோபொலிட்டன் நிர்வாகம் விரும்பாததால், சொப்ரானோ பாடகி ஹெலன் ட்ரோபெல் 1953 இல் அங்கிருந்து விலகினார்; 1955 இல் அவரும் பிரோட்வே மேடையேறினார். 1958 இல் 'சவுத் பசிபிக்' திரைப்படமானபோது, நாயகனுக்கு இரவல் குரல் கொடுத்தவரும் மெற்றோபொலிட்டன் பாடகரான ஜோர்ஜியோ டோஸியே. அதைக் காணப் பின்சா இல்லை. 1957 இல் காலமாகியிருந்தார்.

தாளம் மாறியதற்காகச் சந்தேகிக்கப்பட்ட குரலை, ஏழு ஆண்டுகளின் பின் அதே நகரம் நுழைவுச்சீட்டுக்கு வரிசையில் நின்று கேட்டது. மாறியது மக்களின் செவியே. அக்குரல் அன்றும் இன்னிசையாகவே இருந்தது.