பசுவின் சினைமுட்டைத் தரமும் ஆய்வகக் கரு உற்பத்தியும்

பசுவின் சினைமுட்டையை உடலுக்கு வெளியே முதிரவைத்து, கருவுறச் செய்து, ஏறத்தாழ ஏழு நாள் வளர்த்து, வேறொரு பசுவின் கருப்பையில் வைப்பதற்கான கருவைப் பெறுவதே ஆய்வகக் கரு உற்பத்தி. இதில் எத்தனை கரு கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் சினைமுட்டையின் தரமே முடிவு செய்கிறது. இதை அறிவியலாளர்கள் தெளிவாக அறியப் பல பத்தாண்டுகள் ஆயின.

சினைப்பையில் நீர் நிறைந்த சிறு நுண்ணறைகள் உள்ளன. சினைமுட்டை அவற்றுள்தான் வளர்கிறது. அங்கிருந்து வெளியே எடுத்த முயல் சினைமுட்டை தானாகவே முதிரும் என்று 1935-இல் பிங்கஸும் என்ஸ்மனும் காட்டினர். பசுவின் சினைமுட்டையும் அவ்வாறே முதிர்வதை 1965-இல் இராபர்ட் எட்வர்ட்ஸ் வெளியிட்டார். 1981-இல் அமெரிக்காவில், உடலுக்கு வெளியே கருவுற்ற முதல் கன்று பிறந்தது. ஆனால் அதன் சினைமுட்டை பசுவின் உடலிலேயே முதிர்ந்தது. 1980-களின் பிற்பகுதியில், இறைச்சிக்கூடத்திலிருந்து பெற்ற சினைப்பைகளின் முட்டைகளை ஆய்வகத்தில் முதிரவைத்தும் கன்றுகள் பெறப்பட்டன.

எனினும் ஒரு புதிர் நீடித்தது. நூறு முட்டைகளில் ஏறத்தாழ தொண்ணூறு முதிர்ந்தன, எண்பது கருவுற்றன, ஏழாம் நாளை எட்டியவை முப்பது முதல் நாற்பது வரையே. குறை வளர்ப்பு ஊடகத்திலா, முட்டையிலா?

2002-இல் அயர்லாந்தில் ரிசோஸ், லோனர்கன் உள்ளிட்டோர் இதைச் சோதித்தனர். பசுவின் உடலில் முதிர்ந்த முட்டைகள் கூடுதல் கருக்களைத் தந்தன. கருக்களை ஆய்வகத்தில் வளர்த்தாலும் செம்மறியாட்டின் கருக்குழாயில் வளர்த்தாலும் எண்ணிக்கை பெரிதும் மாறவில்லை. உறைநிலையைத் தாங்கும் திறன் போன்ற கருவின் தரமே மாறியது.

காரணம் எளிது. எட்டு முதல் பதினாறு செல் நிலை வரை கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் செயல்படுவதில்லை. அதுவரை தாய்முட்டை சேர்த்துவைத்த கட்டுச்சோறுதான் துணை. சிறிய நுண்ணறையிலிருந்து முன்னதாகவே எடுத்த முட்டையில் அந்தச் சேமிப்பு நிறைவடைந்திருக்காது. முட்டையைச் சூழ்ந்த செல் அடுக்குகள் குறைந்திருந்தாலும், பசு மிக இளையதாக இருந்தாலும், கன்று ஈன்றபின் தீவனச் சத்துப் பற்றாக்குறை இருந்தாலும் தரம் குறையலாம். கோடை வெப்பத்தின் பாதிப்பு, வெயில் தணிந்த பின்னும் சில வாரங்கள் நீடிப்பதை இஸ்ரேலிய ஆய்வுகள் காட்டின.

ஆய்வகம் நல்ல முட்டையைக் காக்கலாம். குறைபட்ட முட்டையைச் சீராக்குவது அரிது. ஆகவே இப்பணி நுண்ணோக்கியின் அடியில் தொடங்குவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே, மாட்டுக்கொட்டகையின் நிழலிலும் தீவனத் தொட்டியிலும் தொடங்கிவிடுகிறது.