குளிர்த்தியும் குளிர்பானமும்: காரைதீவுக் கரையின் மலர்ச் சர்பத் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

சுவாமி விபுலானந்தர் (1892–1947) பிறந்த ஊர் என்ற அளவிலேயே காரைதீவு தமிழாய்வாளர் பலருக்கு அறிமுகமாகியுள்ளது. 1947இல் வெளிவந்த யாழ் நூலில் அவர் கையாண்ட முறை ஈண்டு நினைவுகூரத்தக்கது. வழக்கொழிந்த ஓர் இசைக்கருவியை, இலக்கியங்களிற் சிதறிக்கிடந்த சொற்களைக் கணித அறிவின் துணையோடு ஆராய்ந்து மீட்டெடுக்க முயன்றார் அவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெருமை வாய்ந்ததன்று. வெயிலில் வந்தவருக்கு வீட்டிலே கலக்கிக் கொடுக்கப்படும் ஒரு குவளைப் பானம்; தேசிக்காய், சீனி, பழம், பூ, நீர் ஆகியவற்றின் கூட்டு. எனினும் மக்களின் உணவும் பானமும் அவர்தம் உற்பத்தி முறையோடும் சமூக உறவுகளோடும் பிணைந்தவை என்பதை ஏற்றுக்கொள்வோமாயின், இக்குவளைக்குள்ளும் ஒரு வரலாறு உண்டென்பதை மறுத்தல் இயலாது.

அவ்வரலாற்றின் நடுவே ஒரு முரண்பாடு அமைந்துள்ளது. இனிய சாறு எதுவாயினும் அதற்கு இரு வழிகள் உள்ளன. புளித்து மதுவாதல் ஒன்று. புளியாமல் மக்களின் தாகம் தீர்த்தல் மற்றொன்று. முதல் வழி அரசுகளுக்கு இறைவரியையும் வணிகருக்கு மூலதனத்தையும் ஈட்டித் தந்தது. இரண்டாவது வழி பெண்களின் கைகளிலே, கூலியற்ற உழைப்பாக, வரலாற்றேடுகளில் இடம்பெறாது நின்றது. இவ்வேறுபாடு எவ்வாறு ஏற்பட்டது என்பதே நமது வினா.

1

காரைதீவு இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையிலே அமைந்துள்ளது. வடக்கே சாய்ந்தமருதும் கல்முனையும், தெற்கே நிந்தவூரும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்கள். நடுவே தமிழ் இந்துக்களின் ஊராகிய காரைதீவு. கிழக்கே கடல், மேற்கே வயல். இரு சமூகத்தாரின் தாய்மொழியும் தமிழே. வைகாசியளவில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இக்கரையை வறட்டும். அத்திங்களிலேதான் காரைதீவுக் கண்ணகையம்மன் ஆலயத்தில் சடங்கு நிகழ்கின்றது. கண்ணகி வழக்குரை பாடப்பெற்று, ஈற்றிலே திருக்குளிர்த்தியோடு சடங்கு நிறைவுறும். பண்டிதர் வீ. சீ. கந்தையா 1968இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தமையால் இம்மரபு ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது.

மதுரையை எரித்த சீற்றம் தணியவேண்டும் என்பதே குளிர்த்தியின் உட்பொருள். இதனை வெறும் சமய நம்பிக்கையாகக் கொண்டு விலக்கிவிடுதல் வரலாற்று நோக்காகாது. வெப்பு நோய், மழையின்மை, பயிர் கருகுதல் ஆகியவற்றை எதிர்நோக்கிய வேளாண் சமூகம், தன் அச்சத்தையும் வேட்கையையும் தெய்வத்தின் வெம்மையாகவும் குளிர்ச்சியாகவும் உருவகித்தது. தெய்வத்தைக் குளிர்வித்தலும் விருந்தினரைக் குளிர்வித்தலும் ஒரே உலக நோக்கின் இரு கூறுகள். கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்களுக்குக் கரையூர்களில் அமைக்கப்படும் தாகசாந்தி நிலையங்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்கப்படுவது இந்நோக்கின் தொடர்ச்சியே.

அண்டையிலுள்ள முஸ்லிம் ஊர்களில் இதே கருத்து வேறொரு பண்பாட்டு வழியாக வந்து சேர்ந்தது. நோன்பு துறக்கும் வேளையில் பேரீச்சம்பழத்தோடும் கஞ்சியோடும் சர்பத்தும் இடம்பெறும். பன்னீர் மணமும், கசகசா என இங்கு வழங்கப்படும் திருநீற்றுப்பச்சை விதையும் அதற்குரியன. சூடு, குளிர்ச்சி என்னும் பாகுபாடு சித்த மருத்துவத்துக்கும் யூனானி மருத்துவத்துக்கும் பொதுவானது என்பதும் மனங்கொளத்தக்கது.

2

பண்டைத் தமிழிலக்கியத்தில் கள்ளும் தேறலும் பெற்ற இடம் நன்கறியப்பட்டது. புறநானூற்றின் 56ஆம் பாட்டிலே பாண்டியன் நன்மாறனுக்கு நக்கீரர் யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலைப் பற்றிக் கூறுகின்றார். அது பொற்கலத்தில் மகளிர் ஏந்தித்தர மன்னன் அருந்துவது. கடல்வழி வணிகத்தின் பயனாகக் கிடைத்த அரும்பொருள் மன்னனின் குவளையைச் சென்றடைந்தமையை இதனால் அறியலாம்.

அதே தொகையின் 24ஆம் பாட்டு, மாங்குடி கிழார் பாடியது, பிறிதொரு காட்சியைத் தருகின்றது. நெல்லறுக்கும் தொழிலாளர் வெயிலின் வெம்மை தாளாது கடலலையிற் பாய்கின்றனர். பரதவர் மதுவுண்டு குரவையாடுகின்றனர். மகளிரோ பனை நுங்கின் நீரையும் கரும்பின் சாற்றையும் தெங்கின் இளநீரையும் ஒன்றாகக் கலந்து பருகிக் கடலாடுகின்றனர். மூன்று நீர் கலந்தமையால் அப்பானமும் கடலும் ஒரே சொல்லால் முந்நீர் எனப்படுகின்றன. புளிக்கவைத்ததாக அங்குக் குறிப்பு எதுவும் இல்லை. தமிழிலே பழச்சாறுகளைக் கலந்தமைத்த மதுவற்ற பானத்துக்கு இதனினும் தெளிவான பழஞ்சான்று காண்பது அரிது. கடலும் வயலும் அருகருகே அமைந்த நெய்தல்–மருத நிலம், உழைப்பாளரின் வேட்கை, பெண்களின் பானம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இப்பாட்டைக் காரைதீவிலிருந்து படிப்போருக்கு அது தொலைவுக் காட்சியாகத் தோன்றாது.

மன்னனின் தேறல் இறக்குமதிப் பொருள். முந்நீர் அவ்விடத்து விளைபொருள். முன்னதை ஒருவன் அருந்தப் பலர் ஏந்தி நிற்பர். பின்னது கூட்டாக அருந்தப்படுவது. வர்க்க வேறுபாடு பானத்திலும் பதிந்துள்ளமைக்கு இஃதொரு சான்று.

3

சொற்களின் வரலாறு அடுத்த கட்டத்தைத் துலக்குகின்றது. சர்பத் என்பது குடித்தலைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து பாரசீகத்தின் வழியாகப் பரவிய சொல். அரபு உலகிலே மதுவிலக்கு சமய விதியாக நிலைபெற்றபோது, பழமும் பூவும் சீனியும் சேர்ந்த பானங்கள் அரண்மனையிலும் அங்காடியிலும் மருந்தகத்திலும் வளர்ச்சியுற்றன. கெய்ரோவில் இடைக்காலத்திலேயே தேசிச்சாறும் சீனியும் சேர்ந்த பானம் வணிகப் பொருளாக விளங்கியது.

பூவின் மணத்தை நீரிலே பிடித்துவைக்கும் நுட்பம் வடித்தலாகும். 9ஆம் நூற்றாண்டில் அல் கிந்தி நறுமணப் பொருள்களை வடிக்கும் முறைகள் பற்றி நூலொன்று எழுதினார். நாம் வடிகலத்துக்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லும் அரபிலிருந்து சென்றதே. அதே வடிகலம் ரோசாவிதழிலிருந்து பன்னீரையும், புளித்த கள்ளிலிருந்து சாராயத்தையும் தந்தது. சாராயத்தைக் குறிக்கும் அரக் என்ற சொல்லும் அரபே. அதன் பொருள் வியர்வை. வடிகலத்தின் சுவரில் துளிர்க்கும் துளியை வியர்வையாகக் கண்டனர் போலும். ஒரே கருவி, ஒரே நுட்பம், விளைவுகளோ இரண்டு. பன்னீர் இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றித் திருமண வாயிலில் செம்பிலிருந்து தெளிக்கப்பட்டது. சாராயம் அரசின் கருவூலத்துக்குச் சென்றது.

4

பிரித்தானியராட்சியில் இலங்கையிற் சாராயக் குத்தகை ஏலத்தில் விடப்பட்டது. தவறணைகளை நடத்தும் உரிமையைப் பெற்ற குத்தகையாளர் பெருஞ்செல்வம் திரட்டினர். இலங்கை முதலாளி வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத் திரட்சியில் சாராயக் குத்தகைக்கு இருந்த பங்கைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக நிறுவியுள்ளார். 1904இலும், புதிய மதுவரிச் சட்டம் வந்த 1912இலும் மதுவிலக்கியக்கம் எழுச்சி பெற்றது. அதன் தலைவர்கள் சிலர் 1915இல் நிகழ்ந்த கலவரத்தின்போது சிறையிடப்பட்டனர்.

அவ்வியக்கத்தின் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கூற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உழைப்பாளி எதனைக் குடிக்கலாகாது என்று கூறிய அது, அவன் எதனைக் குடிப்பான் என்ற வினாவைப் பெரிதும் எழுப்பவில்லை. ஒழுக்கப் பிரச்சினையாக மதுவை நோக்கியோருக்கு, பன்னிரண்டு மணிநேர உழைப்பும் நல்ல நீரின்மையும் கண்ணிற்படவில்லை.

அவ்வினாவை எழுப்பியது வணிகமே. தில்லியிலே 1906இல் யூனானி மருத்துவர் ஹக்கீம் அப்துல் மஜீத் தொடங்கிய ஹம்தர்த் நிலையம், அடுத்த ஆண்டில் பூவும் பழமும் மூலிகையும் சேர்ந்த ரூஹ் அஃப்சா என்னும் பாகினை வெளியிட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1908இல் விம்டோ தோன்றியது. மதுவிலக்குச் சூழலிற் பிறந்த அப்பானம் பின்னர் அரபு நாடுகளில் நோன்புத் திங்களின் பானமாயிற்று. 1866ஐத் தன் தொடக்கமாகக் கொள்ளும் கொழும்பின் யானைச் சின்ன நிறுவனம் இலங்கையின் கடைதோறும் சோடாவைக் கொண்டு சேர்த்தது. விருந்தோம்பலாக இருந்தது பண்டமாயிற்று.

5

இனி வீட்டில் நிகழும் உற்பத்தியை நோக்குவோம். இதனை ஒரு உழைப்பு முறையாகக் கருதி விவரித்தல் வேண்டும்.

மருந்து தெளிக்காத செவ்வரத்தம்பூக்கள் பத்துப் பன்னிரண்டு எடுத்து, காம்பும் நடுத்தண்டும் நீக்கி, இதழ்களைக் கழுவி, அரை லீற்றர் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைப்பர். மங்கிய ஊதா நிறச் சாறு இறங்கும். வடித்து, சூடாக இருக்கையிலேயே ஏறத்தாழ 150 கிராம் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து ஆறவிடுவர். முற்றாக ஆறிய பின்னரே ஐந்து தேசிக்காய்களின் சாறு சேர்க்கப்படும். சூட்டில் விட்டால் சுவை கெடும், விதை நசுங்கினாற் கசக்கும். புளிப்புப் பட்டதும் ஊதா நிறம் மாறிப் பளிச்சென்ற சிவப்பாகும். பூவின் நிறப்பொருள் அமிலத்தில் நிறம் மாறுவதே இதன் காரணம். பின் ஒரு குவளை அன்னாசிச் சாறோ மாதுளஞ் சாறோ, கொதித்தாறிய குளிர்நீர் மேலும் அரை லீற்றரோ சேரும். கால்மணி நேரம் நீரில் ஊறிப் பருத்த கசகசா ஒரு தேக்கரண்டியும், விரும்பின் சமையலுக்குரிய பன்னீர் சில துளிகளும் இறுதியில் இடப்படும். அன்றே அருந்தி முடித்தல் வேண்டும். வெப்பத்திலே வைத்தால் நொதிப்புத் தொடங்கிவிடும். அதாவது, மேலே நாம் குறித்த இரு வழிகள் இப்பாத்திரத்துக்குள்ளும் காத்திருக்கின்றன. காலத்தையும் சூட்டையும் அளந்து முதல் வழியைத் தடுப்பதே இவ்வறிவின் சாரம்.

இவ்வறிவு எந்தப் பாடநூலிலும் கற்பிக்கப்பட்டதன்று. தாயிடமிருந்து மகளுக்கும் அயல்வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கும் சென்றது. உண்மையிலே அஃது ஒரு தொழில்நுட்பம்; அதனை 'கைப்பக்குவம்' என்று மட்டும் புகழ்வதால் அதன் பின்னுள்ள கூலியற்ற உழைப்பு மறைக்கப்படுகின்றது.

இதில் இடும் சீனிக்கும் வரலாறுண்டு. கரீபியன் தீவுகளின் அடிமை உழைப்பிலே மலிவாகிய சீனி ஆங்கிலத் தொழிலாளரின் தேநீர்க் குவளையை எய்தியமையை 1985இல் சிட்னி மின்ற்ஸ் ஆராய்ந்தார். நம் மாவட்டத்திலேயே, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டப் பகுதியில், ஹிங்குராணையிற் கரும்பாலை அமைந்தது. கரும்பாலையிற் சாறு சீனியாகும். எஞ்சும் கழிவுப்பாகு எரிசாராயத்துக்கு மூலப்பொருளாகும். அங்கும் அவ்விரு வழிகளே.

6

இவ்வாறு கூறுவதால், ஒரே பானம் அருந்துவோர் ஒற்றுமையாக வாழ்வர் என்ற எளிய முடிவுக்கு நாம் வந்துவிடலாகாது. பானம் பிரிக்கவும் செய்தது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தகரப் பேணியிலும் போத்தலிலும் தேநீர் வழங்கப்பட்டது. 1966 அக்டோபர் 21இல் எழுந்த தீண்டாமை எதிர்ப்பியக்கமும் அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே அக்கதவுகளைத் திறந்தன. யாருடைய கையால் யார் நீர் வாங்கி அருந்தலாம் என்பது சமூக அதிகாரம் பற்றிய வினா.

கிழக்கிலும் அனுபவம் கசப்பானதே. 1985 ஏப்ரலிற் காரைதீவுத் தமிழரின் வீடுகள் எரியூட்டப்பட்டன. 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். சர்பத்தும் சர்க்கரைத் தண்ணீரும் பரிமாறிக்கொண்ட அயலவர் பகைவராக்கப்பட்டமைக்குப் பண்பாட்டு வேறுபாடு காரணமன்று. நிலம், நீர்ப்பாசனம், தொழில்வாய்ப்பு ஆகியவற்றுக்கான போட்டியும், அப்போட்டியைத் தமக்குச் சாதகமாக்கிய பேரினவாத அரசும் குறுந்தேசியவாதங்களும் தனித்தனியே ஆராயப்படவேண்டியன. பண்பாட்டு ஒருமை ஒற்றுமைக்கு வேண்டிய ஒரு நிலையே. அது மட்டும் போதுமான நிலையன்று.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது காரைதீவு, சாய்ந்தமருது, மருதமுனை என்ற வேறுபாடு அலைக்கு இருக்கவில்லை. இங்கு மணலுக்கடியிலே உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நன்னீர் மிதக்கின்றது. கிணறுகள் அதனையே நம்பியுள்ளன. கடல் புகுந்ததும் அக்கிணறுகள் உவரேறின. எந்தப் பானத்துக்கும் அடிப்படை தேசிக்காயோ பூவோ அன்று, பொது நீரே என்பதை அந்நாட்கள் இரு சமூகத்தார்க்கும் ஒருங்கே உணர்த்தின. தாகம் சமயம் பார்ப்பதில்லை. ஆனால் நீரைப் பங்கிடும் ஏற்பாடுகள் பார்க்கின்றன.

எனவே குளிர்த்தி என்பதை நாம் இன்று புதிதாகப் பொருள்கொள்ள வேண்டியுள்ளது. சீற்றம் பாட்டினால் மட்டும் தணிவதில்லை. நீதி வழங்கப்பட்டே தணியும் என்பதன்றோ வழக்குரைக் கதையின் உள்ளீடு? கிணற்று நீரும் வயல் நீரும் நியாயமாகப் பங்கிடப்படும் ஒரு சமூக அமைப்பிலேயே, காரைதீவு வீட்டுக் குவளையும் நிந்தவூர் வீட்டுக் குவளையும் உண்மையாகவே ஒரே பானத்தைத் தாங்கும். அதற்கான ஆய்வுப் பணியில், ஏட்டிலுள்ள தேறலோடு அடுக்களையிலுள்ள சர்பத்தையும் சான்றாகக் கொள்ளத் தமிழாய்வு தயங்குதல் கூடாது.